கடலோர ஃபிளாட்டுக்கு வேக்குவம் கிளீனர் வாங்கும் முன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 26 வருஷமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார்தான் அன்றாட வேலை. வேக்குவம் கிளீனர் முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மஞ்சக்குப்பத்திலும் புதுப்பாளையத்திலும் செம்மண்டலத்திலும் ஃபிளாட்டுகள் எழும்ப எழும்ப, இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று என் மேசைக்கு வந்துவிடுகின்றன. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கதைதான். மிஷின் நல்ல மிஷின்; அந்த வீட்டுக்கு ஏற்றது இல்லை.

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, வேக்குவம் கிளீனர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். 2000 வாட்ஸ். நல்ல ஆஃபர்ல போகுது, வாங்கிடட்டுமா?"

அவள் வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில், இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறை, 900 சதுர அடி. ஆறு வயசுப் பையனுக்கு வீசிங். வீட்டில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமியாருக்கு முழங்கால் வலி, குனிந்து கூட்ட முடியாது. "இப்ப வாங்காத கண்ணு. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் ஒரு வேலை செய். சனிக்கிழமை கூட்டுற குப்பையை வெளியே கொட்டாம ஒரு பேப்பர்ல எடுத்து வை" என்றேன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபிளாட்டில் இருக்கிற யாருக்கும், அதிலும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு, இது உதவும்.

குப்பையை முதலில் பாருங்கள்

பழைய தினத்தாள் ஒன்றில் மடித்து வைத்திருந்தாள். பால்கனி வெளிச்சத்தில் பரப்பி, ஒரு தீக்குச்சியால் கிளறிப் பார்த்தோம். பாதி கடல் மணல். பையன் சாயங்காலம் சில்வர் பீச்சில் புரண்டுவிட்டு வருகிறான். கால்சட்டை மடிப்பிலும் செருப்பிலும் வருவது அது. அப்புறம் நீளமான தலைமுடி, வாசல் கால்மிதியிலிருந்து உதிர்ந்த தேங்காய் நார், கொஞ்சம் விபூதி, கொஞ்சம் கோலமாவு. இவ்வளவுக்கும் நடுவில், காற்றடித்தால் உருண்டு ஓடுகிற சாம்பல் நிறப் பஞ்சு. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்குமே, அதேதான். துணி நூலும், நம் தோலிலிருந்து உதிர்கிற செதிலும், கண்ணுக்குத் தெரியாத தூளும் சேர்ந்தது அது. பையனுக்கு மூச்சு வாங்குவது மணலால் இல்லை, இதனால்தான் என்று அவளிடம் காட்டினேன்.

இந்தச் சோதனைக்குக் காசு இல்லை, ஆனால் கடைக்காரர் யாரும் இதைச் செய்யச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு வீட்டிலும் குப்பை வேறு. கேப்பர் மலைப் பக்கம் என்றால் செம்மண், மாவு மாதிரி நைசானது. ஃபில்டரை ஒரே வாரத்தில் அடைத்துவிடும். மெயின் ரோட்டு ஓரத்து வீடு என்றால் வண்டிப் புகையின் கரி. நாய், பூனை வளர்த்தால் ரோமம். உங்கள் தினத்தாளில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மிஷின் தேட வேண்டும்.

நம் வீடுகளில் கார்பெட் கிடையாது, டைல்ஸ்தான். டைல்ஸில் கிடக்கிற மணலைத் துடைப்பமும் மாப்பும் நன்றாகவே எடுத்துவிடும். துடைப்பம் தோற்பது இரண்டு இடத்தில். ஒன்று, நைசான தூளை அது எடுப்பதில்லை, கிளப்பிவிடுகிறது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது கூட்டிப் பாருங்கள், அந்த ஒளிக்கற்றையில் எவ்வளவு மிதக்கிறது என்று தெரியும். அரை மணி நேரம் கழித்து அது மறுபடி சோபா மேல் வந்து உட்காரும். இன்னொன்று, துடைப்பம் போகாத இடங்கள்: மெத்தை, சோபா மடிப்பு, திரைச்சீலை, ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளம், கொசுவலைக் கதவு, பீரோ தலை, ஃபேன் இறக்கை. ஆகவே ஃபிளாட்டுக்கு வாங்குகிறவர்கள் மோட்டாரைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்குள் என்னென்ன முனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். மெத்தைக்கான அகல முனை, சந்து பொந்துக்கான ஒல்லி முனை, மெல்லிய தூரிகை முனை, டைல்ஸைக் கீறாத பிரஷ் வைத்த தரை முனை. இந்த நாலும் இல்லையென்றால் மிஷின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கைக்குட்டைச் சோதனை

என் பட்டறை மிஷினை வண்டியில் எடுத்துப் போயிருந்தேன். குழாய்க்கும் முனைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துச் செருகி, பையன் படுக்கிற இலவம்பஞ்சு மெத்தையில் ஒரு நிமிஷம் ஓட்டினேன். பார்வைக்குச் சுத்தமான மெத்தை, அன்று காலைதான் விரிப்பு மாற்றியிருந்தாள். கைக்குட்டையை எடுத்தால் நடுவில் எட்டணா அளவுக்குச் சாம்பல் வட்டம், மாவு மாதிரி. அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

இந்த மிஷின் பிறந்ததே இப்படி ஒரு கைக்குட்டையால்தான். லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர், தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மிஷினைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஒரு நாற்காலியின் மேல் கைக்குட்டையைப் போட்டு வாயால் உறிஞ்சிப் பார்த்தார். துணியில் தூசி ஒட்டியது. 1901-ல் மிஷின் செய்துவிட்டார். குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீளமான குழாயை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்களாம். நம் நாட்டில் யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-ல் தொடங்கி, டை கட்டிய விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். கூடத்திலேயே ஓட்டிக் காட்டித்தான் விற்றார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பேன். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தாலும், அதே மாடல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு தடவை உங்கள் மெத்தையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2000 வாட்ஸ் யாருக்கு வேண்டும்?

வாட்ஸ் என்பது மிஷின் தின்கிற மின்சாரம். எவ்வளவு உறிஞ்சும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பாவில் 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்ஸுக்கு மேல் வீட்டு வேக்குவம் கிளீனர் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்; 2017 செப்டம்பரில் அதையும் 900 ஆக்கினார்கள். கார்பெட் நிறைந்த வீடுகளே 900-ல் சுத்தமாகின்றன. டைல்ஸ் போட்ட நமக்கு 2000 எதற்கு?

அவள் வீட்டு பிளக் பாயிண்டுகளைச் சுற்றிப் பார்த்தேன். சமையலறை, கீசர், ஏசி, இந்த மூன்றுக்குத்தான் பெரிய பாயிண்ட், அதாவது 16 ஆம்ப்ஸ். கூடத்திலும் பையன் அறையிலும் சின்னதுதான், 6 ஆம்ப்ஸ். 2000 வாட்ஸை நம் 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ் வருகிறது. சின்ன பாயிண்டில் அதைச் செருக வழியில்லை. செருக வேண்டும் என்று மாற்று பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. உருகிப்போன அந்த பாக்ஸ்களையும் நான் பார்த்திருக்கிறேன். 1200 வாட்ஸ் என்றால் 5.2 ஆம்ப்ஸ், சின்ன பாயிண்டே தாங்கும். உங்கள் ஃபிளாட்டின் பாயிண்டுகளை எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்படியானால் உறிஞ்சும் திறனை எதில் பார்ப்பது? பெட்டியில் கிலோ பாஸ்கல் என்று ஒன்று போட்டிருப்பார்கள், அது இழுப்பு. விநாடிக்கு இத்தனை லிட்டர் என்பது காற்றோட்டம். இரண்டும் வேண்டும். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை வந்து அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கன்னம் ஒட்ட உறிஞ்சுவோம், ஒரு சொட்டு வராது. அது இழுப்பு இருந்தும் ஓட்டம் இல்லாத நிலை. மணல் கனமானது, அதைத் தூக்கிக் குழாய்க்குள் கொண்டுபோவது காற்றோட்டம்தான். சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்து ஏர் வாட்ஸ் என்று போடுகின்றன. அது இருந்தால் அதையே ஒப்பிட்டுப் பாருங்கள், நம்பகமானது.

மோட்டார் எப்படிச் சாகிறது

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரிந்துகொண்டால் எந்த வகை வாங்குவது என்பது தானாகவே தெளிவாகும்.

தூசி சேர்வதற்கு உள்ளே உறைப் பை வைத்த சாதாரண மிஷினில், தூசியோடு வந்த காற்று பையிலும் ஃபில்டரிலும் வடிகட்டி, மோட்டார் வழியாகவே வெளியே போகிறது. மோட்டார் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அதைக் குளிர வைப்பது அந்தக் காற்று மட்டும்தான். பை நிறைந்துவிட்டாலோ ஃபில்டர் அடைத்துவிட்டாலோ காற்று வராது. அப்போது தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். சத்தம் கீச்சென்று ஏறும். கேட்கிறவர்கள் மிஷின் நன்றாக இழுக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே காயிலின் வார்னிஷ் கருகிக்கொண்டிருக்கும். என் மேசைக்கு வருகிற கருகிய ஆர்மேச்சர்களில், அதாவது மோட்டாரில் காயில் சுற்றிய சுழலும் பகுதியில், பெரும்பாலானவை இப்படிப் போனவைதான். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் கட்டையை மாற்றுவது சின்னச் செலவு. ஆர்மேச்சர் போனால் புது மிஷின் விலையில் பாதி ஆகிவிடும்.

டிரம் மாதிரி இருக்கிற, தண்ணீரும் எடுக்கிற மிஷினில் மோட்டாருக்குத் தனிக் காற்று வழி உண்டு. மேல் மூடியில் தனி ஓட்டைகள் இருக்கும். அழுக்குக் காற்று ஒரு பக்கம், குளிர்விக்கும் காற்று ஒரு பக்கம். அதனால் தண்ணீரை எடுத்தாலும் மோட்டார் நனையாது. டிரம் நிறைந்தால் ஒரு மிதவை மேலே வந்து வழியை அடைத்துவிடும்.

சரி, எதை வாங்குவது?

தரையில் உருட்டிக்கொண்டு போகிற, உறைப் பை வைத்த மிஷின்தான் வீசிங் உள்ள வீட்டுக்கு என் முதல் சிபாரிசு. பை நிறைந்தால் வாயை மூடி அப்படியே குப்பையில் போடலாம். பைக்குப் பதில் பிளாஸ்டிக் கப் வைத்த மிஷின்களில் காற்று சுழன்று தூசியைக் கப்பில் தள்ளிவிடும். பை வாங்கும் செலவு இல்லை, ஆனால் கப்பைக் கொட்டும்போது ஒரு புகை மண்டலம் கிளம்பும். யாருக்கும் தும்மல் இல்லாத வீடு என்றால் கப் போதும். பை வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: அந்த மாடலுக்கான பை இதே ஊரில் கிடைக்கிறதா என்று பில் போடும் முன் கேளுங்கள், கையோடு ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள். பை கிடைக்காமல் பழைய பையையே கத்தரித்து ஒட்டி ஓட்டி, மோட்டார் முழுக்க மணல் ஏறி வந்த மிஷின் ஒன்றைப் போன மார்கழியில் பார்த்தேன்.

டிரம் மிஷின் தரைதளத்தில் இருக்கிறவர்களுக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வாசல் வழியாகத் தண்ணீர் வருகிற தெருக்கள் நம் ஊரில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும், 2015 வெள்ளத்திலும் பார்த்தோம். பால்கனியில் தேங்குகிற மழைத்தண்ணீர், வாஷிங் மெஷின் கக்கின தண்ணீர், இதெல்லாம் டிரம்முக்கு ஐந்து நிமிஷ வேலை. ஆனால் தண்ணீர் நிற்கிற தரையில் ஒயரைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். உங்கள் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப்ஸில் விழுகிற ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலைக்கே இறங்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் முன் காகித ஃபில்டரைக் கழற்றி, பெட்டியோடு வந்த ஸ்பாஞ்சை மாட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். டிரம்மின் குறை இடம். ஃபிளாட்டில் அதை நிறுத்த ஒரு மூலை வேண்டும், சத்தமும் கூடுதல்.

ஒயர் இல்லாத, கோல் மாதிரியான மிஷின் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். குனிய வேண்டாம், ஒயரை இழுக்க வேண்டாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். "40 நிமிஷம் ஓடும்" என்றால் குறைந்த வேகத்தில் என்று பொருள். முழு வேகத்தில் பத்து நிமிஷம் ஓடினாலே பெரிது. அடுத்தது, பேட்டரியைக் கழற்ற முடியுமா, தனியாக என்ன விலை என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்தான் எமன், நம் ஊர் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. ஓட்டி முடித்ததும் சூட்டோடு சார்ஜில் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். அடுப்பு மேடை பக்கத்திலோ வெயில் விழும் சுவரிலோ சார்ஜரை மாட்டாதீர்கள். இன்னொன்று, சுழலும் பிரஷ் முரடாக இருந்தால் டைல்ஸில் கிடக்கிற மணலை உறிஞ்சுவதற்கு முன்பே நாலா பக்கமும் சிதறடித்துவிடும். பஞ்சு போல மெத்தென்ற உருளை வைத்த மாடலைக் கேளுங்கள். தலைமுடி அதில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிளேடால் கீறி எடுக்க வேண்டியிருக்கும்.

ரோபோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தினமும் மேலோட்டமாகத் தரையைச் சுத்தம் செய்யும். மெத்தைக்கோ சோபாவுக்கோ உதவாது. வாங்குவதானால் ஒரு ஸ்கேலோடு வீட்டைச் சுற்றுங்கள். கட்டிலுக்கு அடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, அறைக்கு அறை நிலைப்படி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கோரைப்பாய் ஓரம், தொங்கும் சேலை முந்தானை, போன் சார்ஜர் ஒயர் எல்லாம் அதன் காலில் சிக்கும்.

ஃபில்டரும் உப்புக்காற்றும்

நுண்ணிய தூளையும் பிடிக்கிற ஃபில்டருக்கு ஹெப்பா என்று பெயர். "ஹெப்பா மாதிரி", "ஹெப்பா தரம்" என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். எச்13 என்று எண்ணோடு போட்டிருக்க வேண்டும். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவிலுள்ள தூளையும் 99.95 சதவீதம் பிடிக்கும் என்பது அதன் பொருள். ஃபில்டர் நல்லதாக இருந்தும் மூடியின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் தூசி ஓரமாகத் தப்பித்து வந்துவிடும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு மூடியைத் திறந்து, ரப்பரைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அங்கே கசிகிறது.

கழுவும் ஃபில்டர் என்றால் இன்னொரு செட் வாங்கி வையுங்கள். விளம்பரத்தில் 24 மணி நேரத்தில் காயும் என்பார்கள். ஐப்பசி அடைமழையில் இங்கே இரண்டு மூன்று நாள் ஆனாலும் நடுவில் ஈரம் நிற்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம். அந்த ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து, ஓட்டும்போதெல்லாம் வீடு முழுக்க நனைந்த துணி வாடை அடிக்கும். தூசி சேறாகி ஃபில்டர் பாழாகும்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்பு. முலாம் பூசிய இரும்புக் குழாய் இரண்டாம் வருஷமே புள்ளி புள்ளியாகத் துரு பிடித்து, ஒன்றுக்குள் ஒன்று போகாமல் இறுகிவிடும். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ கேளுங்கள். கார்பனை அழுத்துகிற சின்ன ஸ்பிரிங்கும் சுவிட்சின் உள் தகடும் உப்புக்காற்றில் அரித்துப்போகும். ஆகவே மிஷினைக் கடல் பக்கத்துப் பால்கனியில் வைக்காதீர்கள். துணிப் பீரோவின் அடித்தட்டோ, கட்டில் அடியோ, ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வையுங்கள், போதும்.

கடையில்

நாங்கள் கடைக்குப் போனபோது ஒரு சின்ன கவரில் அவள் வீட்டுக் குப்பையையே எடுத்துப் போனோம். கடைக்காரத் தம்பி முதலில் தயங்கினார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார். டைல்ஸில் ஒரு கை மணலைத் தூவி, ஒரே இழுப்பில் எவ்வளவு எடுக்கிறது, ஓரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தோம். சுவர் ஓரம்தான் உண்மையைச் சொல்லும். அடுத்து, குழாய் வாயை உள்ளங்கையால் மூடி, சத்தம் எப்படி ஏறுகிறது என்று அவளைக் கேட்க வைத்தேன். அந்தச் சத்தம் காதில் பதிய வேண்டும். நாளைக்கு வீட்டில் அது கேட்டால் எங்கேயோ அடைப்பு என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஒயர் நீளத்தை வீட்டிலேயே அளந்துவிட்டுப் போயிருந்தோம். கூடத்துப் பாயிண்டிலிருந்து கடைசி மூலைக்கு ஆறரை மீட்டர். 5 மீட்டர் ஒயரும் 2 மீட்டர் குழாயும் இருந்தால் போதும். எடையைப் பெட்டியில் படிக்காமல் கையில் தூக்கிப் பாருங்கள். ஓட்டப்போகிறவர் தூக்கிப் பார்க்க வேண்டும். அவள் மாமியாரையும் கூட்டிப் போயிருந்தோம். சத்தம் 80 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லது. ஃபிளாட்டில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கீழ்வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள், காலை பத்து மணி வாக்கில் ஓட்டிவிடுங்கள். சர்வீஸுக்குக் கடலூரிலேயே ஆள் உண்டா, பாண்டிச்சேரிக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். குழாய், முனை, ஃபில்டர் தனித்தனியாகக் கிடைக்குமா என்பது அதைவிட முக்கியம். வருஷங்கள் போகப் போக முதலில் கிழிவது குழாய்தான், கைப்பிடிக்குக் கீழே வளைகிற இடத்தில்.

பில் போடும்போது மாமியார் கேட்டார், "ஏம்பா, கொசுவத்திச் சாம்பலை இதுல எடுக்கலாமா?" நல்ல கேள்வி. சூடு ஆறாத எந்தச் சாம்பலையும் எடுக்கவே கூடாது. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவானாலும் உள்ளே ஒரு பொறி இருந்தால் காற்று பட்டதும் பை பற்றிக்கொள்ளும். வீட்டில் சுவர் உடைத்தால் வருகிற சிமென்ட் தூள், பட்டி பார்க்கும்போது உதிர்கிற வெள்ளை மாவு, கொட்டிப்போன கோலமாவு, இவையும் வேண்டாம். ஃபில்டரை ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

கடைசியில் அவள் வாங்கியது 1200 வாட்ஸ், உறைப் பை, எச்13 ஃபில்டர், நாலரைக் கிலோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் பையனைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு மெத்தை, தலையணை, சோபாவை ஓட்டுகிறாள். அரை மணி கழித்துத்தான் அவன் உள்ளே வருவான். மெத்தைக்குள் வாழ்கிற தூசிப் பூச்சிகளுக்கு நம் ஊர் ஈரக்காற்று ரொம்பப் பிடிக்கும், வேக்குவம் மட்டும் அவற்றை ஒழிக்காது. ஆகவே விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போன் வந்தது. "மாமா, கடையில நீங்க காட்டின சத்தம் வருது."

"உடனே ஆஃப் பண்ணு. பிளக்கைப் பிடுங்கு. குழாயைக் கழட்டி ஒரு பக்கம் டார்ச் அடிச்சு, மறு பக்கம் பாரு."

வெளிச்சம் வரவில்லை. துடைப்பக் குச்சியை விட்டு மெதுவாகத் தள்ளச் சொன்னேன். பையனின் ஸ்கெட்ச் பேனா மூடி, அதைச் சுற்றிக் கட்டை விரல் கனத்துக்கு முடியும் பஞ்சும். எடுத்துவிட்டு மறுபடி போட்டாள், சத்தம் இறங்கிவிட்டது. பையை மாற்றி எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். யோசித்தாள், நினைவில்லை. புதுப் பை மாட்டும்போதெல்லாம் அதன் அட்டையில் தேதியைப் பேனாவால் எழுதி மாட்டு என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.